மிஹ்லாருக்குக் கொடுத்த பதின்மூன்று கிலோ

1

என் பெயர் நிப்றாஸ். வயது இருபத்தாறு. ஊர் பாலமுனை, இருப்பது தோஹாவில், ஒரு கட்டடக் கொம்பனியின் ஸ்டோரில் வேலை. இதை வாயால் சொல்கிறேன், போன் எழுதுகிறது. உம்மாவிடம் சொல்லப் பயந்ததைக் கதையாக்கினால் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். கதை வந்த வழி அதுதான்.

2

முதல் தொடக்கம்: "மிஹ்லார் என்றொருவன் சிகரட்டை விட்டான். ஆறு மாதத்தில் பதின்மூன்று கிலோ ஏறினான்."

(மிஹ்லார் என்று எனக்கு ஒருவரையும் தெரியாது. கிலோ உண்மை.)

இரண்டாவது: "படி ஏறும்போது மிஹ்லாருக்கு நெஞ்சு—"

வேண்டாம். வாப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டுதான் விழுந்தார், நாற்பத்தொன்பதில். புகைதான் கொன்றது என்று உம்மா அன்றே என்னிடம் வாக்கு வாங்கிக்கொண்டார், தொடமாட்டேன் என்று. இங்கே வந்து மூன்று வருடம் சிகரட் பிடித்தேன்.

3

வீடியோ கோலில் உம்மா:

"மாஷா அல்லாஹ், இப்பதான் மகன் முகம் தெளிஞ்சிரிக்கு. நல்லாத் தின்னு."

"ஓம் உம்மா."

"நம்மட ஊர் இன்ஸாப் லீவு முடிஞ்சு அங்க வாறான். தொதல் கிண்டி மூணு கிலோ குடுத்து விடுறன்."

பிடித்ததே தெரியாதவரிடம் விட்டதை எப்படிச் சொல்வது? சிகரட் நினைப்பு வந்தால் அவர் அனுப்பிய இனிப்பைத்தான் வாயில் போடுகிறேன்.

4

(இந்த இடத்தில் மிஹ்லாரை டொக்டரிடம் அனுப்பிப் பார்த்தேன். அவன் பயப்படவே இல்லை. அதனால் நானே போகிறேன்.)

பிறஷர் கூடியிருக்கிறது, இரத்தத்தில் சீனி எல்லையில் நிற்கிறது என்றார் டொக்டர். சிகரட்டை விட்டது நல்லது, திரும்பத் தொடாதே, இனிப்பைக் குறை, தினமும் நட என்றார். எனக்குச் சீனி மட்டும்தான் காதில் விழுந்தது.

அறையில் காரைதீவுக் கேதீஸ்வரன் சிரித்தான்.

"என்னடா மச்சான், உனக்கு முன்னால வயிறு வந்து நிக்குது! ஒரு சிகரட்டப் பத்த வை. வயிறு தன்ட பாட்டுல இறங்கும்."

தந்தான். வாங்கிவிட்டேன். மேசையில் கிடக்கிறது. இன்னும் பற்றவைக்கவில்லை.

5

ஒரு முடிவு: மிஹ்லார் பற்றவைக்கிறான். மெலிகிறான். ஒரு நாள் படியில்—

மற்றது: உம்மாவுக்கு எல்லாம் தெரியவருகிறது. அவனோடு கதைப்பதை விட்டுவிடுகிறார்.

எனக்கு இரண்டும் பயம். முதலாவது கூடுதல் பயம்.

தங்கச்சி நதீரா, போன் எழுத்து உம்மாவுக்குத் தெரியாது, நீதான் அவருக்கு வாசித்துக் காட்டுவாய். மிஹ்லார் வரும் இடமெல்லாம் என் பெயரைப் போட்டு வாசி. வாசித்ததும் எனக்குக் கோல் எடுத்து, உம்மா ஏசினாலும் பரவாயில்லை, போனை அவரிடம் கொடு.