ஒன்பதாம் நம்பர் மலைக்கு ஓர் இடம்

"மலையில நிக்கக்குள்ள எங்க போற நீங்க?" என்று ஸுபைதா கேட்டாள்.

"மலையிலதான் நிக்கிறோம், அப்புறம் எங்க போறது?"

"அதில்ல புள்ள. அவசரம் வந்தா எங்க போற எண்டு கேக்கிறன்."

"தேயிலைக்குள்ள."

"மழ பெஞ்சா?"

"மழ பெஞ்சாலும் தேயிலைக்குள்ளதான். நனைஞ்சுக்கிட்டு."

"பாம்பு கெடந்தா?"

"அது போற வரைக்கும் நின்னுக்குவோம். அதுக்கு என்ன அவசரமோ."

ஸுபைதா சிரிக்கவில்லை. "தொரைட்ட கேட்டா என்ன?"

"அய்யோ சாமி. ஒரு ஆம்பளைக்கிட்ட போயி அதக் கேக்கிறதா?"

கஹவத்தையில் ஸுபைதாவின் புடவைக் கடைக்குத் தீபாவளிச் சேலை எடுக்கப் போன விஜயகலா, கடையின் பின்னறைக்கு அவசரத்துக்கு ஒரு தடவை போய்விட்டு வந்து நின்றபோது நடந்த பேச்சு இது. மூன்று வருடம் ஆகிவிட்டது. அன்றைக்கு அதைத் தோட்டத்துப் பெண்களிடம் சொல்லிச் சொல்லி பஸ் முழுக்கச் சிரித்தாள். ஏதோ ஒரு வளைவில் சிரிப்பு நின்றுபோனது. அதற்குப் பிறகு அந்தக் கேள்வி அவளை விடவில்லை.

விஜயகலா ஒன்பதாம் நம்பர் மலையில் கொழுந்து எடுப்பவள். பத்தொன்பது வருடமாக. காலையில் அரைக் கோப்பை தேத்தண்ணி குடித்தால், சாயந்தரம் நாலரைக்கு லயத்து வீட்டுக்கு வந்த பிறகுதான் அடுத்த சொட்டு. தாகம் இல்லாமல் இல்லை, குடித்தால் வரும் என்ற பயம். மலையிலிருந்து லயத்துக்குப் போய் வர நாற்பது நிமிடம். அதற்குள் நிறுவை முடிந்துவிடும், கொழுந்து குறையும், கங்காணி அந்த நாளை அரைப் பேர் என்று போட்டுவிடுவார். ஒரு முழு நாள் உழைப்பு அரை நாளாகிவிடும். ஆகவே பெண்கள் பொறுத்துக்கொண்டார்கள். இரண்டு தடவை காய்ச்சல் வந்து டாக்டர், "தண்ணி குடிக்கிறதே இல்லையா?" என்று திட்டினார். விஜயகலா தலையை ஆட்டிவிட்டு மாத்திரையை வாங்கிக்கொண்டு வந்தாள். மாத்திரையை விழுங்கவும் தண்ணீர் வேண்டும் என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது.

இந்த வருடம் சித்திரைக்குப் பிறகு அவள் துணிந்து ஒரு மாதர் சங்கம் கூட்டினாள். முப்பத்தியொரு பேர். நிறுவைக் கொட்டகைக்குப் பக்கத்தில் கூடி, மலையில் அந்த வசதி வேண்டும் என்று கேட்பதாக ஒரே குரலில் தீர்மானித்தார்கள். அதற்கு ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. அதை எந்தச் சொல்லால் கேட்பது என்பதற்குத்தான் மூன்று கூட்டம் வேண்டியிருந்தது.

"மலசலகூடம்னு எழுதுவோம்," என்றாள் கிருஷ்ணகுமாரி. பத்தாவது வரை படித்தவள்.

"சீ, அதுல ரெண்டும் பச்சையா நிக்குது," என்றாள் தங்கம்மா. சங்கத்தில் மூத்தவள் அவள்தான். வாயில் எப்போதும் வெற்றிலை.

"அப்ப பாத்ரூம்?"

"பாத்ரூம்னா குளிக்கிறதுக்குனு நெனைச்சு ஒரு தண்ணிப் பீலிய வச்சுக் குடுத்துருவாங்க. மலை நடுவுல நின்னு குளிக்கிறதா?"

"அவசரத்துக்கு ஒதுங்க ஒரு இடம், அப்படீன்னா?"

"ஒதுங்கங்கிற சொல்லு வேணாம். தொரை மனசுல என்னத்தயோ கற்பனை பண்ணுவாரு."

"அவசரம்?"

"அதுவும் வேணாம்."

இப்படி ஒவ்வொன்றாக உதிர்ந்து கடைசியில் "இடம்" என்ற ஒரு சொல் மட்டும் மிஞ்சியது. நல்ல மரியாதையான சொல். யாரும் குறை சொல்ல முடியாது. கைதட்டி ஏற்றுக்கொண்டார்கள். யார் கேட்பது என்று வந்தபோது முப்பது பேர் விஜயகலாவைப் பார்த்தார்கள். சிங்களம் நன்றாகப் பேசுபவள், சந்தையில் மீன்காரனிடம் விலை பேசினால் அவன் தலையில் கை வைத்துக்கொள்வான் என்பது அவளுடைய தகுதி.

மறுநாள் காலைப் பெரட்டில், வேலை பிரிக்கும் நேரத்தில், அவள் துரைக்கு முன்னால் போய் நின்றாள். துரை தோட்டத்துக்கு மேலாளராக வந்து நான்கு மாதம்தான். இளவயதுக்காரர், தமிழ் தெரியாது. ராத்திரியெல்லாம் மனசுக்குள் ஒத்திகை பார்த்த சிங்களம் அவரைக் கண்டதும் ஆவியாகிப் போய்விட்டது. முகம் சுட்டது. இருந்த சிங்களத்தைப் பிடித்து இழுத்து, நடுவில் சங்கத்தின் அந்த மரியாதையான சொல்லைச் சொருகினாள்.

"மாத்தயா, அபிட்ட இடம் ஓனே."

சிங்களத்தில் இடம் என்றால் காணி. எங்களுக்குக் காணி வேண்டும் என்று கேட்டுவிட்டாள். மீன் சந்தையில் இந்தத் தப்பை அவள் பத்து வருடத்தில் ஒரு தடவைகூடச் செய்ததில்லை.

துரையின் கையில் இருந்த பேனா நின்றது. எத்தனை பேருக்கு என்று கேட்டார்.

"எல்லாருக்கும்," என்றாள் விஜயகலா, சிங்களத்தில்.

எப்போது வேண்டும் என்று கேட்டார்.

"சீக்கிரம் மாத்தயா. தாங்க முடியல."

பின்னால் நின்ற முப்பது பேரும் தலையை ஆட்டினார்கள். தங்கம்மா ஒரு படி மேலே போய் வயிற்றைப் பிடித்துக் காட்டினாள். அது பசிக் கொடுமை என்று துரைக்குப் பட்டிருக்க வேண்டும். முகம் வெளிறி, மேலிடத்தில் பேசிவிட்டுச் சொல்கிறேன் என்று ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்.

"எவ்வளவு நல்ல மனுசன்," என்றாள் தங்கம்மா. "இதுக்குப் போயி மேலிடத்துல எல்லாம் பேசுறாரு பாரு."

உண்மை தெரிந்தது சாயந்தரம்தான். விஜயகலாவின் புருஷன் கஹவத்தையில் த்ரீவீலர் ஓட்டுபவன். சந்தியில் கேள்விப்பட்டுச் சவாரியைப் பாதியில் இறக்கிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டான்.

"ஏண்டி கலா, ஒரு கிலோ சீனி வாங்கிட்டு வாங்கனு என்கிட்ட கேக்க ரெண்டு நாள் யோசிப்ப. தொரைக்கிட்ட தோட்டத்தையே எழுதிக் குடுக்கச் சொல்லிக் கேட்டியாமே."

"யாரு கேட்டா? நான் இடம்தாங்க கேட்டேன்."

"என்ன பாசையில கேட்ட?"

விஜயகலா வாயில் சேலைத் தலைப்பை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பிறகு என்ன கேட்கப் போனாள் என்பதை அவன் காதில் சொன்னாள். வீட்டில் வேறு யாரும் இல்லை. இருந்தும் காதில்தான் சொன்னாள்.

அவன் சிரித்தான். கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். சிரித்துக்கொண்டிருந்தவன் திடீரென்று கேட்டான்.

"பத்தொம்பது வருசமாவா?"

"ம்."

"பகலெல்லாம் தண்ணியே குடிக்காமயா?"

அவன் உள்ளே போய்ச் செம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்து, அவள் குடித்து முடிக்கும்வரை முன்னால் நின்றான்.

"நாளைக்குப் போயி சரியாச் சொல்லிரு," என்றான்.

"நீங்க போயிச் சொல்லுங்களேன்."

"நான் கேட்டா எனக்குத்தான் கட்டிக் குடுப்பாங்க. நான் மலைக்கு வந்து என்ன செய்ய?"

மறுநாள் சரியாகச் சொல்ல வாய்க்கவில்லை. விடிவதற்குள் லயத்துப் பக்கம் முழுக்கக் காணிக் கணக்கில் இருந்தது. தங்கம்மா கயிற்றைப் பிடித்துக்கொண்டு தன் பங்கை அளந்தாள். பலாமரம் வரைக்கும் என்னுடையது என்றாள். கிருஷ்ணகுமாரி ஓடிவந்து மரம் என் பக்கம் என்றாள். மரத்தில் பழம்கூட இல்லை. இருவரும் மத்தியானம் வரை பேசிக்கொள்ளவில்லை. யாரும் தராத காணியில் ஒரு குடும்பம் ஆட்டுக்கொட்டில் எங்கே போடுவது என்று சண்டை பிடித்து, மாமியார் கோபித்துக்கொண்டு தன் ஊர் பெல்மதுளைக்கே போய்விட்டாள். தொழிற்சங்கத் தலைவர் நாகலிங்கம், கேள்விப்பட்ட அரை மணி நேரத்தில், இது தனது நீண்ட காலப் போராட்டம் என்று தன் படத்தோடு நோட்டீஸ் ஒட்டினார்.

"எதுக்குக்கா இவ்வளவு ஆட்டம்," என்று விஜயகலா தங்கம்மாவிடம் கேட்டாள். "நம்ம கேட்டது என்ன?"

"கேட்டது எதுவா இருந்தா என்ன, கெடைக்கிறத வாங்கிக்க," என்றாள் தங்கம்மா. கயிற்றை விடவில்லை.

மூன்றாம் நாள் விளையாட்டு வினையாகிவிட்டது. யாரும் காணி பிடித்துவிடக் கூடாது என்று துரை மலையின் எல்லைகளைச் சுத்தம் பண்ணச் சொல்லியிருந்தார். ஒன்பதாம் நம்பர் மலையின் மேல் ஓரத்தில் ஆளுயரத்துக்கு நின்ற மானாப்புல் மொட்டையாகிக் கிடந்தது. தேயிலை இடுப்பளவுதான்; பொறுக்க முடியாத அவசரத்துக்குப் பெண்களுக்கு இருந்த ஒரே முழு மறைப்பு அது. அது நின்ற இடத்தில் இப்போது ஒரு நாற்காலி, ஒரு குடை, குடைக்குக் கீழே ஒரு காவல்காரர். அவர் மிகவும் மரியாதையாக எல்லோருக்கும் கையசைத்தார்.

முப்பத்தியொரு பெண்களும் திகைத்து நின்றார்கள். தங்கம்மாவின் கையிலிருந்து கயிறு விழுந்தது.

அன்றைக்கு யாரும் காலைத் தேத்தண்ணியைக்கூடத் தொடவில்லை. அடுத்த நாளும் இல்லை. வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு வெயிலில் கிருஷ்ணகுமாரி தலைசுற்றித் தேயிலை வாதுக்கு மேலேயே சாய்ந்தாள். தங்கம்மாதான் தாங்கிப் பிடித்து மடியில் போட்டுக்கொண்டாள். பலாமரத்தை நீயே வச்சுக்க என்றாள்.

விஜயகலா கூடையை இறக்கிவைத்தாள். "வாங்க ஆபீசுக்கு," என்றாள்.

அவர்கள் போன நேரம் நாகலிங்கம் அங்கே உட்கார்ந்து காணிப் பேச்சுவார்த்தை நடத்திக்கொண்டிருந்தார். துரை மேசைக்கு அந்தப் பக்கம், நான்கு நாளாகத் தூங்காத கண்களோடு. பக்கத்தில் வெளி வேலைகளைப் பார்க்கும் இந்திரகுமார் ஐயா, துரையின் சிங்களத்தைத் தமிழில் சொல்வதற்கு. கூச்ச சுபாவம், பெண்களிடம் பேசும்போது எப்போதும் சுவரைப் பார்ப்பார்.

துரை நீளமாகப் பேசினார். இந்திரகுமார் சுவருக்குச் சொன்னார். "காணி குடுக்கிறது தொரையோட கையில இல்லயாம். மேலிடம், அரசாங்கம், அளவை, அது வருசக்கணக்கா போற வேலயாம். அதத் தவிர வேற எது வேணும்னாலும் கேளுங்கனு சொல்றாரு. இன்னைக்கே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுக்கிறாராம்."

விஜயகலா வாயைத் திறப்பதற்குள் நாகலிங்கம் எழுந்துவிட்டார்.

"அப்படீன்னா, கோயில் திருவிழாவுக்கு ரெண்டு பெரிய ஸ்பீக்கர்..."

"தலைவரே, உக்காருங்க," என்றாள் விஜயகலா.

"இரும்மா, நான் பேசிக்கிட்டு..."

"நீங்க மலையில கொழுந்து எடுக்கிறீங்களா?"

"இல்ல."

"அப்ப உக்காருங்க."

நாகலிங்கம் உட்கார்ந்தார். அவர் யார் சொல்லியும் உட்கார்ந்ததாகத் தோட்டத்தில் பேச்சு இல்லை. துரை பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு அவளைப் பார்த்தார். சுவரும், சுவரைப் பார்த்த இந்திரகுமாரும் காத்திருந்தார்கள். வாசலில் தங்கம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு கிருஷ்ணகுமாரி நின்றாள், உதடு வெடித்துப்போய். விஜயகலா அந்த உதட்டைப் பார்த்தாள். முகம் சூடேறியது. ஏறட்டும் என்று விட்டுவிட்டாள். சிங்களமா தமிழா என்று இந்தத் தடவை யோசிக்கவேயில்லை. சந்தையில் பேசுகிற அதே குரலில் சொன்னாள்.

"காணியப் பத்தி இன்னொரு நாளைக்குப் பேசுவோம் மாத்தயா, அத விட்டுட்டோம்னு நெனைக்காதீங்க. இன்னைக்கு எங்களுக்கு ஒம்பதாம் நம்பர் மலையில கக்கூசு வேணும். ரெண்டு. தண்ணியோட. கதவுக்கு உள்பக்கம் கொண்டி வச்சு."