இரண்டாவது இழை

இந்த வருஷம் பிள்ளையார் நோன்பு கிறிஸ்துமஸ் அன்றைக்கே வந்து தொலைத்தது. வேறு நாளில் வந்திருந்தால் இவ்வளவு ஆகியிருக்காது என்று என் கணவர் லட்சுமணன் இன்னும் சொல்கிறார். அவருக்கு எப்போதும் தேதி மேல்தான் குற்றம். அண்ணன் மேல் ஒரு நாளும் கிடையாது.

நோன்பன்று எங்கள் வீடுகளில் இழை எடுப்போம். இனிப்பு மாவைப் பிடித்து, நெய்யில் நனைத்த திரியை அதில் வைத்துக் கொளுத்தி, வீட்டின் மூத்த ஆண் அதை எல்லோருக்கும் கொடுப்பார். சுடரோடு வாயில் போட்டுக்கொள்ள வேண்டும். மாசமாக இருப்பவளுக்கு இரண்டு, வயிற்றில் இருக்கும் பிள்ளைக்கும் சேர்த்து. எனக்கு மூன்று மாதம். மகள் சௌபர்ணிகாவுக்குப் பிறகு இரண்டு முறை கலைந்துபோனதால் யாரிடமும் மூச்சு விடவில்லை. நோன்பன்று இரண்டாவது இழைக்குக் கை நீட்டும்போது எல்லோருக்கும் தெரியட்டும் என்று நாங்கள் இருவரும் முடிவு செய்திருந்தோம். அந்த நிமிஷத்துக்காக ஆசையாகக் காத்திருந்தேன்.

சௌபர்ணிகாவுக்கு ஐந்து வயது. கிறிஸ்துமஸ் நட்சத்திரம் செய்து வாசலில் கட்டிப் படம் அனுப்பச் சொல்லி டீச்சர் வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பில் போட்டிருந்தார். மூன்று நாள் பசையும் ஜிகினாவுமாகத் தரையெல்லாம் நாசம். ஒரு முனை கோணல். அதை நிலைக்கு மேலே கட்டிக் கொடுத்தது லட்சுமணன்தான்.

நோன்புக்காகக் கோயம்புத்தூரிலிருந்து வந்த அவர் அண்ணன் முத்தப்பன், காரைவிட்டு இறங்கியதும் அதைத்தான் பார்த்தார்.

"நோன்பு வீட்டுல என்ன இது? மாதா கோயில்னு நெனச்சிட்டீகளா?"

"பிள்ளை செஞ்சது. பள்ளிக்கூடத்துல சொல்லிவிட்டாக" என்றேன்.

"நாளைக்குப் பேரை மாத்தச் சொன்னா மாத்துவீகளோ?"

சொல்லிக்கொண்டே எட்டி இழுத்தார். நூல் அறுபடவில்லை, அட்டை கிழிந்தது. சௌபர்ணிகா அழவில்லை. துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டு அப்பாவைப் பார்த்தாள். அப்பா குனிந்து வாசலில் கிடந்த செருப்புகளை ஒதுக்கி வைத்துக்கொண்டிருந்தார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

முத்தப்பனின் மனைவி நாச்சியம்மை ஆச்சி அடுப்படியில் சமாதானம் பேசினார்.

"விடு விசாலி. அவுக குணம் தெரிஞ்சதுதானே. நல்ல நாளும் அதுவுமா மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டுத் திரியாதே."

"கிழிச்சது தப்புன்னு பிள்ளைகிட்ட ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்க ஆச்சி. அது போதும்."

"அஞ்சு வயசுப் பிள்ளைகிட்டயா? நல்லாருக்கு நீ பேசுறது." பணியாரத்தைத் திருப்பிப் போட்டார்.

சாயங்காலம் பிள்ளையார் முன்னால் கூடினோம். சௌபர்ணிகா பெரியப்பாவின் முகத்தைப் பார்க்காமலே இழையை வாங்கிக்கொண்டாள். நானும் ஒன்று எடுத்தேன். அடுத்ததற்குக் கை நீட்டவில்லை.

லட்சுமணன் என்னைப் பார்த்தார். பிறகு தொண்டையைச் செருமினார்.

"அண்ணே, விசாலிக்கு இன்னொன்னு கொடுங்க."

நட்சத்திரத்துக்கு வராத வாய் இதற்கு மட்டும் வந்துவிட்டது. நாச்சியம்மை வாயில் கையை வைத்துக்கொண்டார். முத்தப்பனுக்கு உண்மையிலேயே முகம் மலர்ந்தது. இரண்டாவது இழையைக் கொளுத்தி என் பக்கம் நீட்டினார்.

"பிள்ளைகிட்ட சொல்லிட்டுக் கொடுங்க" என்றேன்.

"என்னத்தைச் சொல்ல?"

"கிழிச்சது தப்புன்னு."

மலர்ந்த முகம் அப்படியே இறுகியது. "சாமி முன்னால பேசுற பேச்சா இது? வாங்கு."

"சொல்லிட்டுக் கொடுங்க."

ஒரே ஒரு வார்த்தை. விரல் சுட்டாலும் சுடட்டும், அந்த வார்த்தை மட்டும் வராது என்று நின்றார். திரி எரிந்து இறங்கிக்கொண்டிருந்தது.

"வாங்கு விசாலி" என்றார் லட்சுமணன்.

கலைந்துபோன இரண்டும் நினைவுக்கு வந்தன. வாங்கிவிடத்தான் நினைத்தேன். சௌபர்ணிகா என் சேலையைப் பிடித்துக்கொண்டு பெரியப்பாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரி மாவைத் தொட்டுக் கருகி அவர் விரல்களுக்குள்ளேயே அணைந்தது.