அறுவதற்கென்றே ஒரு நூல்

படிவத்தில் இரண்டு கட்டங்கள் இருந்தன. முதலாவதில் குறியிட்டால் இன்னும் எட்டு வருடம் பட்டாளம், பதவி உயர்வு, கடைசியில் ஓய்வூதியம். இரண்டாவதில் குறியிட்டால் தொண்ணூறு நாளில் வீடு. விடுப்பு முடிந்து வெள்ளிக்கிழமை திரும்பும்போது படிவத்தை மேஜரின் மேசையில் வைத்தாக வேண்டும். நான்கு வார விடுப்பில் மூன்று வாரம் கழிந்திருந்தது. அந்த மூன்று வாரமும் படிவத்தை வைத்துக்கொண்டு சார்ஜென்ட் செய்ததெல்லாம் பேனா மூடியைக் கழற்றியதும் மாட்டியதும்தான்.

வீட்டிலும் அவளுக்குச் சார்ஜென்ட் என்றுதான் பெயர். கணவன் ஆரம்பத்தில் கிண்டலாகக் கூப்பிட்டது, கிண்டல் தேய்ந்துபோய்ப் பெயர் மட்டும் நின்றுவிட்டது. பட்டாளம் என்றதும் துப்பாக்கியை நினைக்கிறவர்களுக்கு அவள் வேலை ஏமாற்றமாக இருக்கும். பன்னிரண்டு வருடமாக அவள் பாராசூட் மடிக்கிறாள்.

மடிக்கிற கூடத்தில் அதைக் குடை என்பார்கள். நாற்பது அடி நீள மேசையில் குடையை இழுத்து நீட்டி, துணியை மடிப்பு மடிப்பாக அடுக்க வேண்டும். மடிப்பு கலையாமல் இருக்க ஈயக்குண்டு நிரப்பிய சின்னப் பைகளை மேலே வைப்பார்கள். பிறகு கயிறுகளை வளையம் வளையமாக ரப்பர் பேண்டுகளில் செருக வேண்டும். முடிந்ததும் அந்த ஈயப் பைகளை எண்ண வேண்டும். ஒன்று குறைந்தால் அது குடைக்குள்ளே இருக்கிறது என்று அர்த்தம், பிரித்து முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான். கடைசியில் அட்டையில் மடித்தவரின் கையெழுத்து. கையெழுத்துப் போட்டவரை எந்த நாளும் கூப்பிட்டு, “நீ மடித்ததை நீயே மாட்டிக்கொண்டு குதி” என்று சொல்ல மேஜருக்கு அதிகாரம் உண்டு. சார்ஜென்ட் பதினொரு முறை குதித்திருக்கிறாள். அலட்சியத்துக்கு இதைவிட நல்ல மருந்து இருப்பதாக அவளுக்குத் தெரியவில்லை.

குடையில் அவளுக்கு மிகவும் பிடித்தது ஒரு நூல். குதிப்பவர் வெளியே பாய்ந்ததும், விமானத்தில் மாட்டிய பட்டை குடையை உச்சியில் பிடித்து முழு நீளத்துக்கு இழுக்கும். பட்டையையும் உச்சியையும் இணைப்பது அந்த நூல். குடை நீண்டு முடித்த கணத்தில் அது அறுந்துவிட வேண்டும். முன்னாலேயே அறுந்தால் துணி சுருண்டுகொள்ளும். அறாமலே இருந்தால் ஆள் விமானத்தின் வாலில் தொங்குவார். ஆக, அது பலமான நூலும் இல்லை, பலவீனமான நூலும் இல்லை. எவ்வளவு பலவீனமாக இருக்க வேண்டுமோ அவ்வளவு பலவீனமான நூல். கூடத்தில் அதற்குத் தியாகி என்று பெயர் வைத்திருந்தார்கள்.

இரண்டாவது கட்டத்துக்குப் பின்னால் இருந்தது நாத்தனாரின் கடை. நகலெடுக்கும் கடைக்குப் பின்னால் ஓர் அறை, இரண்டு தையல் இயந்திரங்கள், வெட்டும் மேசை, மூலையில் சுருட்டி நிறுத்திய கனத்த துணி. திரைச்சீலை தைத்துக்கொண்டிருந்த நாத்தனார், போன விடுப்பில் சார்ஜென்ட் சொல்லிக்கொடுத்த ஒரு தையலால் கடைகளுக்கு முன்னால் நீட்டும் துணிக்கூரைகளுக்கு மாறியிருந்தாள். இரண்டு கை விரல்களையும் மடக்கி ஒன்றுக்குள் ஒன்று கொக்கி போல் கோத்துப் பாருங்கள். அதுதான் அந்தத் தையல். இரண்டு துணிகளின் ஓரங்களையும் அப்படிக் கோத்து, மேலே நான்கு வரிசை ஓட்டினால், இழுக்க இழுக்க இறுகும், தண்ணீரும் இறங்காது. ஆர்டர்கள் கை கொள்ளாமல் வர, நாத்தனார் நேரடியாகவே கேட்டுவிட்டாள். பாதிப் பாதி கூட்டு, வருகிறாயா அண்ணி, இல்லை நான் வேறு ஆள் பார்க்கட்டுமா?

கணவனைக் கேட்டால், “உன் இஷ்டம்” என்றான். அவன் தபால்காரன், கடிதத்தைச் சேர்ப்பானே தவிரப் பிரித்துப் படிக்க மாட்டான். நல்ல குணம்தான், ஆனால் மூன்று வாரமாக அந்தக் குணம் அவளுக்கு எரிச்சலைக் கிளப்பியது.

அவளுடைய பயம் வருமானத்தைப் பற்றியது இல்லை. கூடத்தில் எல்லாவற்றுக்கும் ஒரு பக்க எண் உண்டு. எந்த மடிப்பு எத்தனை அங்குலம் என்று கையேடு சொல்லும். கையேடு இல்லாத இடத்திலும் தான் கெட்டிக்காரிதானா என்பது அவளுக்குத் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளத்தான் விடுப்பின் முதல் வாரத்திலேயே, ஆர்டர் கொடுத்த ஒரு பழக்கடைக்காரரின் கூரையைத் தானே முன்நின்று முடித்தாள்.

பன்னிரண்டடி அகலம், எட்டடி நீட்டம். சுவர்ப் பக்கம் துணியை இரும்புக் குழாயில் இறுக்கினாள். முன்பக்கம் நான்கு இடத்தில் சட்டத்தோடு கட்ட வேண்டும். எல்லோரும் அங்கே கம்பி போட்டு முறுக்குவார்கள். சார்ஜென்ட் அங்கே தியாகியைக் கட்டினாள். காரணம் எளிது: காற்று கூரைக்கு அடியில் புகுந்தால் அந்தத் துணி குடையாகிவிடும். குடைக்கு அந்தக் காற்று உயிர், கூரைக்கு எமன். கட்டு அறுந்துவிட்டால் துணி கொடி மாதிரி படபடக்கும், அவ்வளவுதான்; சட்டமும் சுவரும் பிழைக்கும். எவ்வளவு பலம் வேண்டும் என்பதற்குக் குளியலறையில் அந்த நூலில் பெரிய வாளியைத் தொங்கவிட்டு, குவளை குவளையாகத் தண்ணீர் ஊற்றினாள். வாளியோடு சேர்த்துப் பதினெட்டுக் கிலோவில் நூல் போனது, வாளி விழுந்தது, நாத்தனார் ஓடிவந்தாள். ஒரு கட்டுக்கு இரண்டு இழை போதும் என்று முடிவானது.

கடைசி வாரம் செவ்வாய்க்கிழமை பிற்பகல் காற்றும் மழையும் அடித்துத் தீர்த்தன. புதன் காலை பழக்கடைக்காரர் ஈரத் துணியைத் தோளில் சுமந்துகொண்டு வந்து வெட்டும் மேசையில் தொப்பென்று போட்டார்.

சார்ஜென்ட் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. துணியை விரித்தாள், நான்கு மூலையையும் தடவினாள். கிழிசல் இல்லை, தையல் பிரியவில்லை. நான்கு கட்டும் நடுவில், ஒரே மாதிரி அறுந்திருந்தன. மனம் நிறைந்துபோய் அவள் சொன்னாள்:

“எல்லாம் சரியா வேலை செஞ்சிருக்கு.”

“சரியாவா?” என்றார் அவர். “திராட்சை பூரா தண்ணியில மிதக்குது. எதிர்க்கடைக்காரன் சிரிக்கிறான். பட்டாளத்துத் தையல், சாகற வரைக்கும் இருக்கும்னீங்க. இதுவா சரி?”

மேசைக்கு அடியில் நாத்தனாரின் கால் அவள் காலை மிதித்தது. சார்ஜென்ட் அதைக் கவனிக்காமல் விளக்க ஆரம்பித்தாள். விமானம், பட்டை, உச்சி, வாளி, பதினெட்டுக் கிலோ. அறுவதற்கென்றே கட்டிய நூல் அது, அதன் பெயர் தியாகி என்று முடித்தாள்.

அவர் பொறுமையாகவே கேட்டார். பிறகு சொன்னார்: “தியாகி நல்லவர்தான்மா. ஆனா என் கடைக்கு முன்னாடி நிக்கிறவரை எனக்கு ஒரு வார்த்தை அறிமுகம் பண்ண வேண்டாமா?”

சார்ஜென்ட் மேசையில் கிடந்த துணியைத் திரும்பிப் பார்த்து விழித்தாள். கூடத்தில் தியாகியைத் தெரியாத ஆளே கிடையாது. தெரியாதவர் கதவைத் தாண்டி உள்ளே வரவே முடியாது. ஆகவே ஒருவரிடம் சொல்ல வேண்டும் என்பதே அவளுக்குத் தோன்றியிருக்கவில்லை. அறுந்த கட்டுகளைக் கண்டு பூரித்தவள், நனைந்த பழத்தை விசாரிக்கவும் இல்லை.

“தப்பு என்மேலதான் அண்ணே,” என்றாள். “வாங்க, கடைக்குப் போவோம்.”

கடைத்தெருவில் அவர்கள் முதலில் பார்த்தது பக்கத்து மருந்துக்கடையைத்தான். அங்கே கூரையைக் கம்பியால் முறுக்கிக் கட்டியிருந்தார்கள். கம்பி அறவில்லை. அதனால் துணி குறுக்கே கிழிந்திருந்தது, சட்டம் வளைந்திருந்தது, சுவரில் பதித்த போல்ட் ஒரு செங்கல்லையும் சேர்த்துப் பிடுங்கிக்கொண்டு வந்திருந்தது. பழக்கடையின் சட்டம் நேற்றுப் போட்டது போல் நேராக நின்றது. பழக்கடைக்காரர் இதையும் அதையும் மாறி மாறிப் பார்த்தார். 

“சரி,” என்றார் கடைசியில். “ஆனா மறுபடி அறுந்தா நான் என்ன பண்றது? கடையைப் போட்டுட்டு உங்களைத் தேடி ஓடி வரணுமா?”

இது கையேட்டில் இல்லாத கேள்வி. குடையில் தியாகி ஒரே ஒரு முறைதான் அறும். ஆகாயத்தில் ஏறி மறுபடி கட்டுகிறவர் எவரும் இல்லை. அவள் அங்கேயே தலைகீழாகக் கவிழ்த்த பழப்பெட்டி மேல் உட்கார்ந்து யோசித்தாள். மாற்று நூல்களை அளவாக வெட்டி, கல்லாவுக்குப் பக்கத்தில் தொங்கவிடலாம். தூரத்திலிருந்தே தெரிய சிவப்பு நூலாக இருக்கட்டும். அவர் கட்டிக்கொள்ள ஒரு முடிச்சைச் சொல்லிக்கொடுத்தால் போதும்.

கூடத்து முடிச்சைச் சொல்லிக்கொடுத்தாள். இரண்டு கையும் வேண்டும், ஏழு சுற்று. அவர் ஏணியில் நின்று மூன்று முறை முயன்று, மூன்று முறையும் ஏணியைப் பிடிக்க வேண்டியிருந்ததால் விட்டுவிட்டார்.

“இது தரையில நிக்கிறவங்க கட்டற முடிச்சும்மா,” என்றார். தள்ளுவண்டியில் பெட்டிகளைக் கட்டுகிற தன்னுடைய முடிச்சை ஒரே கையால் போட்டுக் காட்டினார். ஒரு சுற்று, ஒரு மடிப்பு, ஓர் இழுப்பு.

சார்ஜென்ட் உள்ளேயிருந்து வாளியைக் கேட்டு வாங்கினாள். முடிச்சு நூலை நெரித்தால் நூல் அந்த இடத்திலேயே சீக்கிரம் போய்விடும். அதுதான் அவள் சந்தேகம். தண்ணீர் ஊற்றிப் பார்த்தார்கள். முடிச்சு நழுவவில்லை. தராசிலும் நிறுத்துப் பார்த்தாயிற்று. பதினேழு கிலோவில் நூல்தான் போனது, அதுவும் நடுவில்.

“அண்ணே, உங்க முடிச்சுதான் நல்லா இருக்கு. இதையே வெச்சுக்குவோம்,” என்றாள்.

சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. ஒரு காலத்தில் ரப்பர் பேண்டை அரை அங்குலம் தள்ளிப் போட்டால் நல்லது என்று அவள் மேலிடத்துக்கு எழுதியிருந்தாள். பதில் நான்கு வருடம் கழித்து, வேறொருவர் பெயருக்கு நன்றி சொல்லி வந்தது. அதில் மேலிடத்தைக் குறை சொல்ல அவளுக்கு மனமில்லை. ஆள் தொங்குகிற பொருளை அவசரப்பட்டு மாற்றக்கூடாது. ஆனால் இங்கே காலையில் தப்பு செய்து, மதியத்துக்குள் திருத்தி, அதற்குள் ஒரு பழக்கடைக்காரரிடம் ஒரு முடிச்சும் கற்றுக்கொண்டாகிவிட்டது. கூடவே இரண்டு ஆரஞ்சும் கிடைத்தன.

அன்று மாலை இதையெல்லாம் கணவனிடம் சொன்னாள். வாளியை எப்படிக் கட்டினார்கள் என்பதைத் துண்டாலும் சொம்பாலும் செய்து காட்டினாள். மருந்துக்கடைச் செங்கல்லைச் சொன்னாள், நாத்தனார் காலை மிதித்ததைச் சொன்னாள், தான் திருதிருவென்று விழித்ததைக்கூடச் சொன்னாள். அவன் காலணியைத் துடைத்துக்கொண்டே கேட்டான். எல்லாம் முடிந்த பிறகு தூரிகையைக் கீழே வைத்தான்.

“நான் ஒண்ணு சொல்லட்டா?”

“உன் இஷ்டம்னு சொல்லப்போறியா?”

“இல்ல. பன்னெண்டு வருஷமா நீ வீட்டுக்கு வந்ததும், வேலை எப்படி இருந்துச்சுன்னு கேப்பேன். ஒண்ணும் ஆகலன்னு சொல்லுவ. உன் வேலையில அதுதான் நல்ல சேதி, எனக்குத் தெரியும். எனக்கும் அதுதான் நிம்மதி. ஆனா இன்னிக்குத்தான் ஏதோ ஆச்சுன்னு வந்து சொல்ற. ஒரு மணி நேரமா சொல்லிட்டிருக்க.”

அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். உண்மைதான்.

அவன் மறுபடி தூரிகையை எடுத்துக்கொண்டான்.  சாப்பிட்டு முடித்ததும் அவள் படிவத்தை எடுத்து, இரண்டாவது கட்டத்தில் குறியிட்டு, கீழே கையெழுத்துப் போட்டாள். ஈயப் பைகளை எண்ணி முடித்துப் போடுகிற அதே கையெழுத்து.

வெள்ளிக்கிழமை மேஜர் படிவத்தை இரண்டு முறை படித்தார். கூடத்துக்கு அவளைத்தான் பயிற்றுநராகப் போடுவதாக இருந்தாராம். வெளியே போனால் பக்க எண் சொல்ல ஆள் இருக்காதே, பயமாக இல்லையா என்று கேட்டார்.

“இருக்கு சார்,” என்றாள் சார்ஜென்ட். “பதினோரு தடவை குதிச்சப்பவும் இருந்துச்சு.”

மேஜர் சிரித்துவிட்டு முத்திரையை எடுத்தார். இன்னும் தொண்ணூறு நாள் இருக்கிறது, அதுவரைக்கும் ஒன்றும் ஆகாமல் பார்த்துக்கொள் என்றார். அவள் சல்யூட் அடித்துவிட்டு வெளியே வந்தாள்.

கூடத்தில் மூன்றாவது மேசை காலியாக இருந்தது. சார்ஜென்ட் துணியில் மாட்டாமலிருக்க மோதிரத்தைக் கழற்றிப் பையில் போட்டாள், கையைக் கழுவித் துடைத்தாள், அலமாரியிலிருந்து ஒரு குடையை எடுத்து வந்து மேசையின் முழு நீளத்துக்கும் இழுத்து விரித்தாள்.