வாயடைத்த கிளி

சத்தியபாமாவுக்குக் கூச்சம் பிறவிக்குணம். பக்கத்து வீட்டில் கொஞ்சம் சீனி கேட்பதற்கே நாலுதரம் வாசல் படலைவரை போய்த் திரும்பி வருகிறவள். எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்துக்குப் பிறகு கணவன் விமலநாதனும் ஒரு சட்டம் போட்டுவிட்டான்: வீட்டுக்கு வெளியே தமிழ்ச் சத்தம் கேட்கக்கூடாது. கண்டியில் கந்தோர் உத்தியோகம், அம்பிட்டியவில் வாடகை வீடு, சுற்றிலும் சிங்களச் சனம். அந்த மனுசனின் பயமும் பொய்யில்லைதான். ஆனால் கிளிக்கு அது எப்படி விளங்கும்?

யாழ்ப்பாணத்திலிருந்து கூட்டோடு ரயிலேறி வந்த கிளி அது. முன் விறாந்தையில் தொங்கிக்கொண்டு, "பாமா, தேத்தண்ணி!" என்று விமலநாதனின் குரலிலேயே ரோட்டுக்குக் கேட்கக் கத்தும். அவன் அதைப் பின்னறையில் வைத்துத் துணியால் மூடினான். யாரும் அதோடு பேசவும் கூடாதாம். அட, பிள்ளையில்லாத வீட்டில் அவள் வாயாரப் பேசியது அந்த ஒரு சீவனோடுதானே! கார்த்திகைக்குள் கிளி ஊமையாகிவிட்டது. நெஞ்சு இறகைத் தானே பிடுங்கிப் பிடுங்கி எறிந்தது. தீனும் தொடவில்லை.

இனிச் செத்துவிடும் என்று தெரிந்ததும், கணவன் கந்தோருக்குப் போன கையோடு கூட்டைத் தூக்கிக்கொண்டு மாட்டு டொக்டரிடம் போனாள்.

காத்திருக்கும் அறை வாங்குப் பலகையில், மடியில் பூனையோடு பாயிஸா என்று ஒரு முஸ்லிம் பெண், கம்பளை ஊர்க்காரி. முக்காடு போட்டிருந்தாள்; தமிழ் பேசுகிறவள் என்று பார்த்தாலே தெரிந்தது. ஆனால் எதிரே நாயோடு ஒரு சிங்களப் பெரிய மனிதர் இருக்கிறாரே! "கிளிக்கு என்ன வருத்தம்?" என்று பாயிஸா சிங்களத்தில் கேட்டாள். சத்தியபாமாவும் தெரிந்த நாலு சிங்களச் சொல்லில் தடுமாறிப் பதில் சொன்னாள். இரண்டு தமிழ் வாய்கள் இப்படி நாடகம் ஆடின. வெட்கக்கேடு!

பூனைதான் அதை முடித்துவைத்தது. ஒரே பாய்ச்சலில் கூட்டின்மேல் ஏறிக் கம்பிக்குள் காலை விட்டது.

"ஐயோ, என்ர பிள்ளை!"

"அடி முஸீபத்தே! எறங்கு கீழ!"

இரண்டும் ஒரே நேரத்தில், அறை அதிர. பூனை இறங்கியது. பெண்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு வந்த சிரிப்பை முந்தானையால் அடக்க முடியவில்லை.

"ஒண்ணும் ஆகல்லயே புள்ள?" என்றாள் பாயிஸா.

"இல்லை அக்கா. பயந்திட்டுது."

நாய்க்காரர் தொண்டையைச் செருமினார். சத்தியபாமா உடனே வாயை மூடிக்கொண்டாள்.

டொக்டர் கிளியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "உடம்பில் ஒன்றுமில்லை," என்றார் சிங்களத்தில். "வீட்டில் இதோடு ஒருவரும் பேசுவதில்லையா? பேசுங்கள். இல்லாவிட்டால் செத்துவிடும்."

அவளுக்கு முகம் எரிந்தது. யாருக்குப் பயந்து இந்தச் சீவனின் வாயைக் கட்டிக் கொல்கிறேன்? வெளியே வந்து பாயிஸாவின் பக்கத்தில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

"அக்கா, இதோடை கதைக்கோணுமாம். நீங்களும் கதையுங்கோ."

"இங்கே சிங்களத்தில் பேசலாமே," என்றார் நாய்க்காரர்.

"இது தமிழ்க் கிளி, மாத்தயா," என்றாள் சத்தியபாமா, அவருடைய மொழியிலேயே. "நானும் தமிழ்தான்." பிறகு அவருக்கு முதுகைக் காட்டித் திரும்பி, பூனைக்கு என்ன பேர் என்று பாயிஸாவிடம் தமிழில் உரக்கக் கேட்டாள்.

மாலை விமலநாதன் வந்தபோது கூடு முன் விறாந்தையில் தொங்கியது. அவள் கதிரையைப் போட்டுக் கிளியோடு பேசிக்கொண்டிருந்தாள்.

"உமக்கென்ன விசரே? ரோட்டுக்குக் கேக்குது!"

"கேக்கட்டும்."

"வீட்டை எரிச்சாங்கள் எண்டால்?"

"எரிச்சால் மூண்டு பேருமா வெளியிலை வருவம். வாயைப் பொத்திக்கொண்டு உள்ளுக்கை கிடந்து சாக என்னாலை ஏலாது. ஞாயிற்றுக்கிழமை பாயிஸாக்கா பூனையோடை வாறா. படலையிலை நிண்டு தமிழிலைதான் கூப்பிடுவா. சொல்லிப்போட்டன்."

விமலநாதன் ரோட்டைப் பார்த்தான். இறகு போன கிளியின் நெஞ்சைப் பார்த்தான். சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் மற்றக் கதிரையை இழுத்துக் கூட்டுக்குக் கிட்டப் போட்டான்.

"என்னடா, சுகமோ?" என்றான், உதட்டுக்குள்.

"கேக்கேல்லை," என்றாள் சத்தியபாமா. "பலமாச் சொல்லுங்கோ."