பனித்துளிப்பூவுக்கு ஒரு பெயர்

தோட்டத்துக் கதவின் கொண்டி பனியில் இறுகிப்போயிருந்தது. வெளியே நின்றவன் அதைக் கையால் இழுத்துப் பார்த்தான். பிறகு பூட்ஸ் காலால் உதைத்தான். இரண்டாவது உதையில் கொண்டியோடு மேல் சட்டமும் பெயர்ந்து வந்தது. சமையலறை ஜன்னலருகே உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்த ஹெஸ்டர் கத்தியைத் தொட்டிக்குள் போட்டுவிட்டு, கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே வந்தாள்.

வந்தவன் நோர்மன். போன வருடத்துக்கு முந்தின வருடம்வரை அவளுடைய கணவன். இப்போது மலைக்கு அந்தப் பக்கம் லோர்னா என்கிறவளோடு இருக்கிறான்.

"கதவ உடைச்சுட்டியே."

"எண்ணெய் போட்டு வச்சிருந்தா ஏன் உடையுது?"

"போடற ஆளு போயிட்டான்."

அவன் தொப்பியைக் காதுக்குக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டு தோட்டத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்தான். பார்க்க அங்கே ஒன்றுமில்லை. ஒரு வாரமாகச் சூரியன் எட்டிப்பார்க்கவில்லை. முட்டைக்கோஸ் பாத்தியைக் காட்டுப்புறாக்கள் நரம்பு மட்டும் மிச்சம் வைத்துத் தின்றிருந்தன. மழைநீர்ப் பீப்பாய் உறைந்து, வயிறு வெடித்து நின்றது. ரோஜாக் கிளைகள் தொட்டால் கண்ணாடி மாதிரி ஒடிந்தன. வேலிக்கு அப்பால் சரிவு முழுக்க வெள்ளை. அதில் பக்கத்துப் பண்ணைக்காரர் ஐட்ரிஸின் ஆடுகள் அழுக்கு மூட்டைகளாகக் குவிந்து, காற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றன. இந்தத் தோட்டம் ஜனவரியில் யாரையும் வா என்று கூப்பிட்டதில்லை. கல்யாணமாகி வந்த முதல் குளிர்காலத்திலேயே ஹெஸ்டருக்கு அது புரிந்துவிட்டது.

ஆப்பிள் மரத்தடியில் மட்டும் ஒரு குத்துப் பனித்துளிப்பூ பூத்திருந்தது. வெறும் பனித்துளிப்பூ என்றால் வேலியோரம் எங்கும் கிடக்கும். யாரும் குனிந்துகூடப் பார்க்கமாட்டார்கள். இது நோர்மன் இரண்டு வகைகளைச் சேர்த்து, விதை போட்டு, வருடக்கணக்காகக் காத்திருந்து எடுத்தது. தலைகுனிந்த வெள்ளை இதழைத் தூக்கிப் பார்த்தால் உள்ளே பச்சைக்குப் பதில் பூனைக்கண் மஞ்சள். தெரிந்தவர்கள் வந்து முழங்காலிட்டுப் பார்த்துவிட்டு, "என்ன பேர் வைக்கப்போறீங்க?" என்று கேட்பார்கள். ஹெஸ்டரும் ஒவ்வொரு குளிருக்கும் கேட்பாள். "குணம் மாறாம நிக்குதான்னு இன்னும் பாக்கணும்" என்பான் நோர்மன்.

"போன்ல சொன்னேன்ல. என் செடிய எடுக்க வந்திருக்கேன்" என்றான் இப்போது.

"மண்ணு இளகட்டும், அப்புறம் வான்னு நானும் சொன்னேன்ல."

"இளகறதுக்குள்ள பூ முடிஞ்சிரும். சனிக்கிழமை பூக் கண்காட்சி."

அவன் கொண்டுவந்திருந்த மண்வெட்டியைக் குத்துக்கு ஒரு சாண் தள்ளி வைத்து, மேலே ஏறி நின்றான். மண்வெட்டி அசையவில்லை. குதித்தான். டங் என்று சத்தம் வந்தது. ஹெஸ்டர் வீட்டுக்குள் போயிருக்கலாம். கைகளைக் கட்டிக்கொண்டு அங்கேயே நின்றாள். கால்விரல்கள் மரத்துப்போயின. ஆனாலும் இந்தக் காட்சியை விட்டுவிட்டுப் போக மனம் வரவில்லை. இந்த மண் அவளிடம் இத்தனை வருடம் காட்டிய முரட்டுத்தனத்தையெல்லாம் இன்று அவள் சார்பில் அவனிடம் காட்டிக்கொண்டிருந்தது.

நோர்மன் கொட்டகைக்குள் போய்ப் பிக்காசைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

"தல கழண்டு வரும். பாத்து அடி."

"என் மேல அக்கறையா?"

"பிக்காசு என்னோடது."

அறுபதைத் தாண்டியவன். இருந்தும் வெறியோடு ஓங்கினான். மேல்மண் பலகை பலகையாகப் பிளந்தது. பூக்கள் ஒவ்வொரு அடிக்கும் நடுங்கின. ஒரு பக்கம் பள்ளமானதும், அடியோடு கிளப்பிவிடலாம் என்று பிக்காசின் கூர்முனையை ஆழமாக இறக்கி, பிடியின் மேல் முழு எடையையும் போட்டு அழுத்தினான்.

முதலில் ஒரு முனகல் கேட்டது. அடுத்த கணம் பள்ளத்திலிருந்து தண்ணீர் அவன் முகத்தில் அடித்தது.

வீட்டுக்குப் போகும் குழாய். அவனே பதித்தது. "இன்னும் கொஞ்சம் ஆழமா தோண்டேன்" என்று அன்றைக்கு ஹெஸ்டர் சொன்னாள். "உனக்கென்ன தெரியும்" என்று மண்ணைத் தள்ளி மூடியவனும் இவன்தான்.

"வால்வு! வால்வ மூடு!" என்று கத்தினான். முழங்காலிட்டு, இரண்டு கையாலும் குத்தை அணைத்துக்கொண்டிருந்தான். தண்ணீர் மார்பில் அடித்துக் காற்சட்டைக்குள் இறங்கியது.

வால்வு பாதையோரத்தில், இரும்பு மூடிக்குக் கீழே இருந்தது. மூடி உறைந்திருக்கும், வெந்நீர் ஊற்றித்தான் கிளப்பவேண்டும். ஹெஸ்டர் நடந்து உள்ளே போனாள். கெட்டிலில் காலையில் பிடித்த தண்ணீர் இருந்தது. அடுப்பில் வைத்தாள். பாதிச் சூடே போதும் என்பது அவளுக்குத் தெரியும். கொதிக்கட்டும் என்று நின்றாள். ஜன்னல் வழியே அவன் வாய் திறந்து திறந்து மூடுவது தெரிந்தது. கெட்டில் கூவியதும் எடுத்துக்கொண்டு, ஓடாமல், பாதைக்குப் போனாள்.

திரும்பி வந்தபோது தண்ணீர் நின்றிருந்தது. மண் குழைந்து, குத்து தானாகவே பெயர்ந்து அவன் கைக்கு வந்திருந்தது. சிரிக்கப் பார்த்தான், தாடை ஒத்துழைக்கவில்லை. காற்சட்டை பலகையாக விறைத்துக்கொண்டிருந்தது.

"கெ-கெடச்சிருச்சு."

"சந்தோஷம். கெளம்பு."

அவன் போனான். சரிவின் அடியில் நிறுத்தியிருந்த காரைக் கிளப்பினான். சக்கரங்கள் இருந்த இடத்திலேயே சுற்றின. கார் மெதுவாகப் பக்கவாட்டில் நழுவிச் சாக்கடைப் பள்ளத்தில் ஒரு காலை வைத்துக்கொண்டது. குத்தைக் கையில் ஏந்தி, காலை அகட்டி அகட்டி வைத்துத் திரும்பி ஏறி வந்தான்.

ஹெஸ்டர் ஐட்ரிஸுக்குப் போன் செய்தாள்.

"ஆடுங்களுக்குத் தீவனம் போட்டுட்டுத்தான் டிராக்டர எடுக்க முடியும்" என்றார் ஐட்ரிஸ். "அந்த ஆளு எதுக்கு அங்க வந்தாரு?"

"தோட்டம் கொத்த."

மறுமுனையில் ஐட்ரிஸ் சிரித்த சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

பின்கட்டு வரைக்கும் அவனை விட்டாள். "சமையலறைக்குள்ள வராத. தரை தொடச்சிருக்கேன். இனிமே தொடைக்கத் தண்ணியும் கெடையாது."

"என் துணி ஏதாச்சும் கெடக்கா?"

கொஞ்சம் யோசித்தாள். காய்கறிப் பாத்திக்குப் போய், அங்கே புறா விரட்டக் கழியில் நின்ற பொம்மையின் கோட்டைக் கழற்றிக்கொண்டு வந்தாள். கோட்டின் கைகள் நீட்டியபடியே விறைத்திருந்தன. சுவரில் இரண்டு அடி அடித்துப் பனியை உதிர்த்துவிட்டு அவனிடம் எறிந்தாள்.

"இது என் கோட்டாச்சே."

"ஆமா. ரெண்டு வருஷமா உன்னவிட ஒழுங்கா ஒரே எடத்துல நின்னுச்சு."

அவன் ஈரத்தைக் கழற்றிக் கோட்டைப் போடும்வரை குத்து அவள் கையில் இருந்தது. பழைய செய்தித்தாளை நனைத்துச் சுற்றியிருந்தான். சின்ன வெங்காயம் மாதிரிக் கிழங்குகள், ஒன்றோடொன்று ஒட்டி. கையை இறுக்கினால் போதும், நசுங்கிவிடும். அவ்வளவு மென்மை. அவள் இறுக்கவில்லை. ஆனால் அந்த எண்ணத்தை உடனே விரட்டவும் இல்லை.

"பேரு வச்சாச்சா?"

அவன் பொத்தான் போடுவதில் கவனமாக இருந்தான். பொத்தான்களே அதில் இல்லை.

"அந்த லோர்னா பேரா?"

"அவ கேட்டா."

"நானுந்தான் கேட்டேன். வருஷா வருஷம் கேட்டேன்."

நோர்மன் அன்று முதல் முறையாக அவள் முகத்தைப் பார்த்தான். உதடு நீலம் பாரித்திருந்தது. குரலில் இப்போது வன்மம் இல்லை. அதுதான் தாங்கமுடியாததாக இருந்தது. "நீ கேக்கவேயில்ல, ஹெஸ்டர். என்ன பேரு வைக்கப்போறன்னுதான் கேட்ட. என் பேர வையின்னு அவ கேட்டா."

பதில் அவள் நெஞ்சில் இருந்தது. நிறைய இருந்தது. கேட்டா வாங்கறதுக்குப் பேரு என்ன கறியா, மீனா? கேக்காம தெரிஞ்சிக்கத்தானே முப்பது வருஷம்? அவள் பொட்டலத்தை அவன் மார்பில் வைத்து அழுத்தினாள்.

"கார்ல போய் உக்காரு."

"டிராக்டர் வர வரைக்கும் இங்க அடுப்புப் பக்கமா..."

"கார்ல போய் உக்காரு, நோர்மன்."

கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டாள். போட்ட சத்தம் அவனுக்குக் கேட்டிருக்கும். கேட்கட்டும் என்றுதான் போட்டாள்.

நான்கு மணிக்கெல்லாம் வெளிச்சம் வற்றத் தொடங்கியது. தேநீர் போடலாம் என்று குழாயைத் திறந்தாள். அது கொஞ்சம் காற்றைத் துப்பிவிட்டுச் செத்தது. பெரிய பாத்திரத்தை எடுத்துக்கொண்டு, பனி அள்ளிவரத் தோட்டத்துக்கு இறங்கினாள். ஆப்பிள் மரத்தடிப் பள்ளத்தில் தேங்கிய தண்ணீரின் மேல் அதற்குள் ஆடை கட்டியிருந்தது. புதுப் பனி பெய்ய ஆரம்பித்தது. காற்றில்லாமல், அவசரமில்லாமல்.

உடைந்த கதவருகே சுத்தமான பனி இருந்தது. அங்கே குனிந்து அள்ளிப் பாத்திரத்தில் திணித்தாள். கீழே கார் இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. பின்னால் புகை நேராக எழுந்தது. உள்ளே அவன் இரண்டு கையையும் ஹீட்டரின் முன் பிடித்துக்கொண்டிருந்தான். பிறகு என்னவோ நினைத்துக்கொண்டவனாகக் கதவைத் திறந்து, பொட்டலத்தை எடுத்துக் காரின் கூரைமேல் வைத்துவிட்டு மறுபடி உள்ளே போனான். ஏன் என்று அவளுக்குத் தெரியும். சூடு பட்டால் பூ மளமளவென்று விரிந்து தொங்கிவிடும். சனிக்கிழமைவரை நிற்காது.

முகட்டில் டிராக்டரின் விளக்கு தெரிந்தது. ஐட்ரிஸ் இறங்கினார். நோர்மனின் கோட்டை மேலும் கீழும் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் சங்கிலியைக் காருக்கு அடியில் மாட்டினார். நோர்மன் ஜன்னலை இறக்கி ஏதோ சொன்னான், ஏற்றினான், ஸ்டியரிங்கைப் பிடித்தான். டிராக்டர் உறுமியது. சங்கிலி விறைத்தது. கார் பள்ளத்திலிருந்து ஒரு குலுக்கலோடு வெளியே வந்து, பாதையில் ஏறியது.

பொட்டலம் கூரையின் நடுவிலிருந்து ஓரத்துக்கு நகர்ந்து நின்றது. செய்தித்தாளின் மடிப்பு பிரிந்து, ஒரு பூ வெளியே தலையை நீட்டிக்கொண்டிருந்தது.

ஹெஸ்டர் பாத்திரத்தை இடுப்போடு அணைத்தபடி பாதைக்கு வந்தாள். கார் இன்னும் கூப்பிடு தூரத்தில்தான் இருந்தது. டிராக்டர் சத்தத்தையும் மீறிக் கேட்கிற அளவுக்குக் கத்த அவளால் முடியும். வாயைத் திறந்தாள். வெள்ளையாக மூச்சு வெளியேறி, முகத்துக்கு முன்னால் நின்றது. அது கலைந்தபோது கார் வளைவை நெருங்கியிருந்தது. கூரையின் மேல் அந்தச் சின்ன மூட்டை, பனி மூட மூட, எது பொட்டலம் எது பனி என்று தெரியாமல் போய்க்கொண்டிருந்தது.