நோம்பு திறந்த பின்னும்

1

இந்தக் கதை என் வலது கடைவாய்ப் பல்லில் ஆரம்பித்தது. மறைத்து என்ன ஆகப்போகிறது? சில நாளாகக் கிராம்பைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். என் வலியை எழுதினால் நீங்கள் கொட்டாவி விடுவீர்கள். அதனால் அதைத் தூக்கி, 1964-இல் சிதம்பரத்தில் இருந்த ருக்கையாவின் வாயில் வைத்தேன். பாவம், அவள் என்னை ஒன்றும் செய்யவில்லை.

2

முதல் ஆரம்பம்: 'தைப் பனியில் ருக்கையாவின் தாடை...' சே, பனி எதற்கு? அடித்தாச்சு.

இரண்டாவது: 'பல்வலியை அவள் யாரிடமும் சொல்லவில்லை, ஏனென்றால்...' இந்த 'ஏனென்றால்' வந்ததும் பேனாவை மூடி வைத்துவிட்டேன்.

காரணம் சாதாரணமானதுதான். ரமலான் மாதம். வீட்டில் அவளும், புருஷன் அபுல் ஹசனும், அவன் தங்கை சுல்தானாவும். மருந்து மாத்திரை என்று நோம்பு விட்டுப்போகக் கூடாதே என்று வாயை மூடிக்கொண்டாள். தாடை வீங்கியதை முக்காடு மறைத்தது. ஒருநாள் காலையில் வலி திடீரென்று நின்றது. "அல்ஹம்துலில்லாஹ்" என்றாள். பல் செத்ததால் நின்ற வலி அது. சீழ் கழுத்துப் பக்கம் இறங்கிக்கொண்டிருந்தது. எனக்குத் தெரியும், இப்போது உங்களுக்கும் தெரியும், அவளுக்குத் தெரியாது. எழுதுகிறவனுக்கு இதுதான் பெரிய அலுப்பு.

3

அன்று பகல் முழுக்க ருக்கையா கொல்லைப்புறத்தில் எச்சிலைத் துப்பிக்கொண்டே இருந்தாள். சுல்தானாவுக்குச் சிரிப்பு.

"அண்ணி, எச்சியக்கூட முழுங்க மாட்டீங்களோ? சொர்க்கத்துல மொத எடம் ஒங்களுக்குத்தான், போங்க!"

உள்ளுக்குள் கொஞ்சம் பொறாமையும் இருந்தது.

(எச்சிலை விழுங்கினால் நோம்பு முறியாது என்று என் நண்பர் முஹம்மது யூசுப் சொன்னார். "எங்க வீட்டுப் பொம்பளைங்க கேட்டாத்தான? துப்பிக்கிட்டேதான் இருப்பாங்க" என்றும் சொன்னார். அவர் புண்ணியத்தில் கதை நிற்கிறது.)

பொழுது சாய்ந்து மஃரிபு பாங்கு கேட்டது. சுல்தானா பேரீச்சம்பழத்தை வாயில் போட்டுக்கொண்டு, கஞ்சிக் கோப்பையை அண்ணி பக்கம் நகர்த்தினாள். ருக்கையா ஒரு வாய் வைத்தாள். உள்ளே போகாமல் கடைவாயில் வழிந்தது. எழுந்து போய்த் துப்பினாள். மறுபடியும் துப்பினாள்.

சுல்தானா மெல்லுவதை நிறுத்தினாள்.

"அண்ணி, நோம்பு தொறந்தாச்சு. இன்னும் ஏன் துப்புறீங்க?"

ருக்கையா ஏதோ சொன்னாள். நாக்கு புரளவில்லை. சுல்தானா முக்காட்டை விலக்கினாள். தாடை எது, கழுத்து எது என்று தெரியவில்லை. தொட்டால் பலகை மாதிரி கெட்டி.

"யா அல்லா! பகல் பூரா கேலி பண்ணனே, பாவி!"

தலையில் அடித்துக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். தொழுகை முடிந்து அபுல் ஹசன் வந்துகொண்டிருந்தான்.

"அண்ணே, காரு கூப்புடு. அண்ணிக்கு எச்சி எறங்கல."

4

சிதம்பரத்து டாக்டர் ருக்கையாவின் நாக்குக்கு அடியில் பார்த்தார்.

"இது பல்லோட நிக்கல. இன்னும் பரவினா மூச்சை அடைச்சிடும். ஊசி போட்டிருக்கேன். எங்கயும் நிக்காம கடலூர் பெரியாஸ்பத்திரிக்குப் போங்க."

காரில் அவளால் சாய முடியவில்லை. முன்பக்கம் குனிந்தே உட்கார்ந்திருந்தாள். வழிகிற எச்சிலைச் சுல்தானா தன் முந்தானையில் ஏந்திக்கொண்டு வந்தாள். வழியில் ரயில்வே கேட் மூடியிருந்தது என்று எழுதினேன். விறுவிறுப்பாகத்தான் இருந்தது. அடித்துவிட்டேன். அவர்கள் படுகிற பாடு போதாதா?

5

கடலூரில் தாடைக்கு அடியில் கீறிச் சீழை எடுத்தார்கள். பல்லையும் பிடுங்கினார்கள். "தண்ணி எறங்குச்சுன்னா பயமில்ல" என்றார்கள். இறங்காவிட்டால் என்ன என்று அபுல் ஹசன் கேட்கவில்லை.

முடிவு ஒன்று: பெருநாளன்று ருக்கையா பிரியாணி கிண்டி... (எனக்கே நம்பிக்கை வரவில்லை.)

முடிவு இரண்டு: எழுதினேன். கிழித்தேன். ஏன் என்று கேட்காதீர்கள்.

ஆகவே மறுநாள் மத்தியானத்தில் நிற்கிறேன். சுல்தானா கரண்டியில் தண்ணீர் நீட்டுகிறாள். ருக்கையா ஜன்னல் வெயிலைப் பார்க்கிறாள். வாயைத் திறக்கவில்லை.

"ஒடம்பு முடியாதவங்களுக்கு நோம்பு இல்ல அண்ணி. முழுங்குங்க."

அசையவில்லை. சுல்தானா அந்தக் கரண்டியைத் தன் வாயில் கவிழ்த்து விழுங்கிக் காட்டினாள்.

"பாருங்க, நானே முறிச்சிட்டேன். இதுக்குப் பதிலா பின்னால ஒரு நோம்பு களா பிடிச்சிக்கறேன். இப்ப நீங்க."

அடுத்த கரண்டித் தண்ணீர் ருக்கையாவின் வாய்க்குள் இருக்கிறது. அவள் துப்பினால், நோம்புக்காகவா, இறங்காததாலா என்று எனக்கும் தெரியாது. சுல்தானா அந்தத் தொண்டையையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

நான் பல் டாக்டரிடம் கிளம்புகிறேன். கொஞ்சம் அவள் பக்கத்தில் இருங்கள்.