வெள்ளிக்கிழமைச் சந்தா

என் வீட்டுக்காரர் நவநீதகிருஷ்ணன் பெரிய படிப்பு படித்தவர். பக்கத்து வீட்டில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதைக்கூடக் கம்ப்யூட்டரில்தான் பார்ப்பார். பெங்களூர் வேலையை விட்டுவிட்டு நாமக்கல்லுக்கு வந்து ஒரு தேடும் தளம் செய்தார். பழைய லாரி பார்ட்ஸ் பேரைப் போட்டால், சேலத்திலிருந்து நாமக்கல் வரைக்கும் எந்தக் கடையில் இருக்கிறது என்று சொல்லிவிடும். இலவசமாக இருந்தவரை ஊரே மெச்சியது.

கையிருப்பு கரைந்ததும் மாதச் சந்தா வைத்தார். சந்தா வராவிட்டால் பழைய கம்பெனிக்கே திரும்பிவிடுவதாகவும் சொல்லிவிட்டார். அவர் அங்கே, நானும் மகள் கனிஷ்காவும் இங்கே என்று ஏற்கெனவே ஒருமுறை இருந்து பார்த்தாகிவிட்டது. மறுபடியும் அந்தப் பிழைப்பு எனக்கு வேண்டவே வேண்டாம்.

சேர்ந்தது ஒரே ஆள். லாரி பாடி கட்டும் பட்டறை வைத்திருக்கும் என் மாமா சென்னியப்பன். ஆனால் அந்த ஒரு ஆள் பொழுதெல்லாம் தேடிக்கொண்டே இருந்தார். என்னவென்று நேரில் போய்ப் பார்த்தால், பட்டறைத் தகரக் கதவில் பாஸ்வேர்டைச் சாக்பீஸால் கொட்டை எழுத்தில் எழுதி வைத்திருக்கிறார். தெருவிலிருந்த மெக்கானிக் அத்தனை பேரும் அதைப் பார்த்துத்தான் தேடியிருக்கிறார்கள். மாப்பிள்ளைக்கு நல்ல விளம்பரம் என்று அவருக்குப் பெருமை வேறு.

இவர் கோபத்தில் ஒவ்வொரு தேடலுக்கும் காசு என்று மாற்றினார். ஒருத்தரும் எட்டிப் பார்க்கவில்லை. அதற்குப் பதில் எனக்குப் போன் போட்டார்கள். "சாமி, ஊட்லதான இருக்கற? ஒரு பழைய கியர்பாக்ஸ் மூடி எங்க கெடைக்கும்னு பாத்துச் சொல்லு." ஒரு கையால் குழம்பைக் கிளறிக்கொண்டு மறு கையால் தேடிச் சொன்னேன். சாமான் கிடைத்தவர்கள் வீட்டுக்கு ஒரு தட்டு முட்டை அனுப்பினார்கள். ராசிபுரத்துக்காரர் ஒருத்தர் நெய்யே அனுப்பினார். கிடைக்காதவர்களிடமிருந்து ஒரு கடலைகூட வரவில்லை. தினமும் முட்டைக் குழம்பு. கனிஷ்கா தட்டைப் பார்த்ததுமே முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இவர்கள் தேடுவதற்குக் காசு தரமாட்டார்கள், கிடைத்ததற்குத் தருவார்கள். சாமான் கிடைத்த மாதத்துக்கு மட்டும் சந்தா வாங்குங்கள், கிடைக்காத மாதம் சும்மா விடுங்கள், கிடைத்ததா இல்லையா என்பதை அவர்களே சொல்லட்டும் என்றேன். பொய் சொன்னால் என்ன செய்வது என்று கேட்டார். அடுக்கியிருந்த முட்டைத் தட்டுகளைக் காட்டினேன்.

"இதையெல்லாம் பில் போட்டா வாங்குனோம்?"

அப்படியே மாற்றினார். மாதக் கடைசியில், சாமான் கிடைத்தவர்கள் இன்றே கட்டவும் என்று எல்லாருக்கும் காலையிலேயே செய்தி போனது.

சாயங்காலம் வரை ஒரு பைசா வரவில்லை.

பெங்களூர்க் கம்பெனிக்காரர்கள், திரும்பி வருகிறாரா இல்லையா என்று மறுநாளைக்குள் பதில் கேட்டிருந்தார்கள். "உன் முட்டைக் கணக்கை நம்பினேன் பாரு" என்றார் இவர். எனக்குச் சுருக்கென்றது. இவர் மேல் பாதி, இந்த ஊர் மேல் பாதி என்று கோபம் பொங்கிக்கொண்டு வந்தது. அந்த நேரம் பார்த்து அவர் பஸ் டிக்கெட் எடுக்க உட்கார்ந்தார். அவர் கணக்கில் பணம் போதவில்லை. என் போனிலிருந்து அனுப்பச் சொன்னார்.

"ஏனுங்க, வெள்ளிக்கிழமையும் அதுவுமா யாராச்சும் காசை வெளிய உடுவாங்களா? நாளைக்குப் போடறேன்" என்றேன்.

சொல்லி முடித்த பிறகுதான் நான் என்ன சொன்னேன் என்பது எனக்கே கேட்டது. அவர் காலண்டரைப் பார்த்தார். நானும் பார்த்தேன்.

சனிக்கிழமை பால் பொங்குவதற்குள் அவர் போன் கிணுகிணுவென்று அடிக்க ஆரம்பித்தது. பணம் வந்தது, அதன் பின்னாலேயே மறுபடி வந்தது. நடுவில் மாமா கூப்பிட்டார்.

"ஏஞ்சாமி, நேத்து வெள்ளிக்கிழமைங்கறது மாப்பிள்ளையோட மிசினுக்குத் தெரியாதா? தெருக்காரங்க அத்தனை பேத்தையும் கட்டச் சொல்லிப்போட்டேன். கதவுல எழுதுனதையும் அழிச்சுட்டேன்."

பெங்களூருக்கு வரவில்லை என்று அவர் எழுதினார். அனுப்பும் வரைக்கும் நான் பக்கத்தை விட்டு நகரவில்லை. பிறகு செவ்வாய், வெள்ளியில் பணம் கேட்காதபடி தளத்தை மாற்றினார். அமாவாசைக்கு என்ன செய்வது என்று ரொம்ப மரியாதையாக என்னிடம் கேட்டார்.

நான் அடுப்படிக்குப் போய்க் கொஞ்ச நேரம் அழுதேன். அப்புறம் முகத்தைக் கழுவிக்கொண்டு முட்டையை உடைத்தேன்.